பசுமை நேரத்தில் அணைந்த கம்ப்யூட்டர்

தெருமரப் பதிவு அலுவலகத்தின் வரலாற்றில் அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி மறக்க முடியாத நேரம். அப்போதுதான் மேலாளர், எவருடைய உதவியும் இல்லாமல், தம் சொந்தக் கையால் ஒரு சுவிட்சை அணைத்தார்.

அந்த அலுவலகம் என்ன செய்கிறது என்று கேட்டால், ஊரில் தெருவோரம் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறது. மரத்துக்கு எண் உண்டு, எண்ணுக்குக் கோப்பு உண்டு, கோப்புக்கு அலமாரி உண்டு. அலமாரிக்குச் சாவிதான் எப்போதாவது இருக்கும். உங்கள் ஜன்னலுக்குள் ஒரு கிளை தலையை நீட்டினால் நீங்கள் பாட்டுக்கு அதை வெட்டிவிட முடியாது. விண்ணப்பிக்க வேண்டும். வெட்டலாம் என்று அலுவலகம் சொல்வதற்குள் கிளை மறுபக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கும். அது மரத்தின் குற்றம்.

தலைமையகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு மோகம் பிடிக்கும். ஒரு சமயம் புன்னகை வாரம் என்று ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். மேஜையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பார்க்க வேண்டுமாம். அடுத்தது காகிதமில்லா மாதம். அதைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கச் சுற்றறிக்கை வந்தது. இப்போது பசுமை நேரம். தினமும் மூன்று மணி முதல் நான்கு மணி வரை அலுவலகத்தில் எந்த மின்சாதனமும் ஓடக் கூடாது. பூமி அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுமாம்.

மேலாளர் விளக்கை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார். மூலையில் உறுமிக்கொண்டிருந்த, அலுவலகத்துக்கே ஒன்றான பழைய கம்ப்யூட்டரையும் சுவர் சுவிட்சிலேயே அணைத்தார். ஊழியர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

அவள் இளநிலை எழுத்தர். முப்பது வயது. அந்தக் கம்ப்யூட்டரைப் பதினொரு வருஷமாக யாரும் அணைத்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அணைத்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் யாரும் அணைக்கவில்லை. அதைவிட முக்கியம், அவளுடைய இடமாற்ற உத்தரவு அன்று காலைதான் அதற்குள் வந்து இறங்கியிருந்தது. அச்சிடப் போனபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. சாப்பிட்டு வந்தபோது பசுமை ஆகிவிட்டது.

நான்கு மணிக்குச் சுவிட்சைப் போட்டார்கள். கறுப்புத் திரை வந்தது. நடுவில் ஒரு கட்டம். கடவுச்சொல் தருக என்றது.

கம்ப்யூட்டருக்குள் பயாஸ் என்று ஒன்று இருக்கிறது. பெட்டி கண் விழித்ததும் முதல் முதலில் யோசிக்கிற இடம் அது. நம் ஆட்களுக்குக் காலையில் முதல் டம்ளர் டீ இறங்கின பிறகு வருகிறதே, அந்தச் சுரணை மாதிரி. அங்கேயே ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்தார் பழைய மேலாளர்.

மேலாளர் தம் பெயரை அடித்துப் பார்த்தார். தவறு என்றது. தம் மனைவியின் பெயரை அடித்தார். தவறு. "இது பழைய மேலாளர் வச்சது சார், உங்க வீட்டம்மா பேரை அவர் ஏன் வைக்கப் போறார்?" என்று எழுத்தர் கேட்டாள். மேலாளர் கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசித்துவிட்டு மூன்றாவது முறை எதையும் அடிக்காமல் விட்டார்.

அந்த அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவர் தலைமை எழுத்தர். எல்லாச் சுற்றறிக்கையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சுற்றறிக்கை சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க சார். கடவுச்சொல்லை உறையில போட்டு, அரக்கு முத்திரை வச்சு, இரும்பு அலமாரியில வைக்கணும்னு விதி இருக்கு. பழைய மேலாளர் அப்படியே வச்சார்."

"எடுங்க."

"காகிதமில்லா மாதத்துல ஸ்கேன் பண்ணிட்டோம் சார். காகிதத்தை அரைச்சிட்டோம்."

"அப்பாடா. ஸ்கேன் இருக்குல்ல?"

"இருக்கு சார். முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு."

"உள்பக்கம்?"

"உறை மேல 'திறக்கக் கூடாது'ன்னு எழுதியிருந்துச்சே சார்."

மேலாளர் இதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார். "சரி, அந்த உறையோட படமாவது எங்க இருக்கு?"

சுற்றறிக்கை சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

எழுத்தர் காலண்டரைப் பார்த்தாள். காரணம் இருந்தது. அவள் கணவர் நாலரை மணி நேரப் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஐந்து வயது, அப்பாவோடு அங்கேதான் பள்ளிக்கூடம். இரண்டு வருஷமாக இவள் வாரக் கடைசியில் போய்த் துணி துவைத்துவிட்டு, மகளுக்குத் தலை வாரிவிட்டு, அழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். அந்த ஊர்க் கிளை அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகி, ஏழாவது விண்ணப்பத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவில் தேதி போட்ட வாரத்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அங்கே காகிதத்தோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

தலைமையகத்துக்குப் போன் போட்டாள்.

"இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா சார்?"

"முதல் பிரதி தொலைஞ்சு போச்சா?"

"தொலையல சார், கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"இருக்கறப்ப எதுக்கும்மா இன்னொண்ணு? தொலைஞ்சா சொல்லுங்க."

அன்று சாயங்காலம் மகள் போனில் கேட்டாள். "அம்மா, வெள்ளிக்கிழமை நிஜமா வர்றியா, இல்ல சும்மா சொல்றியா?"

"நிஜமா வர்றேன்டி தங்கம்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே." பெண் எதிர்காலத்தில் தணிக்கை அதிகாரியாக வருவாள் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பழைய மேலாளரைத் தேடிப் பிடித்தார்கள். ஓய்வு பெற்று, தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார் மனிதர். இன்றைய மேலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, அந்தக் கடவுச்சொல் என்னன்னு சொல்ல முடியுமா?"

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வைக்கணும்னு அப்ப ஒரு பயிற்சி குடுத்தாங்க தம்பி. அப்படித்தான் வச்சேன்."

"ரொம்பச் சரிங்கய்யா. அது என்ன?"

"யாராலயும் முடியாதுன்னேனே. யாராலயும்னா அதுல நானும் அடக்கம்தான?"

"எதையாவது ஞாபகம் வச்சிருப்பீங்களே?"

"முதல் வரிசையில உட்கார்ந்து பயிற்சி எடுத்தவன் தம்பி நான். சான்றிதழ்கூடக் குடுத்தாங்க. சுவர்ல மாட்டியிருக்கேன், அதைப் படிச்சுக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்று மேலாளர் மரியாதையாகச் சொன்னார்.

எழுத்தர் தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் கடை போட்டு லேப்டாப் பழுது பார்ப்பவன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"இதுக்கா அக்கா இவ்வளவு பதட்டம்? அஞ்சு நிமிஷ வேலை. வயரைப் புடுங்கிடு. பெட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டு. உள்ள பச்சைப் பலகையில சட்டைப் பட்டன் மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். அதை நகத்தால நெம்பி எடுத்துட்டு, அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரு. அதுக்கு எல்லாம் மறந்து போயிடும். பழைய பெட்டிதானே, கட்டாயம் மறக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். உங்க ஆபீஸ்ல அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார ஆள் இல்லையா என்ன?"

அவள் ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னாள். அவர் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார். பிறகு சுற்றறிக்கை சாரைப் பார்த்தார். சுற்றறிக்கை சார் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் ஏதோ ஒன்று நடக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

"கம்ப்யூட்டர் தகவல் பிரிவுக்குச் சொந்தம். பேட்டரி மின்சாரப் பிரிவுக்குச் சொந்தம். கம்ப்யூட்டருக்குள்ள பேட்டரி இருக்கறது இவ்வளவு நாளா யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே எல்லைத் தகராறு ஆகியிருக்கும். பெட்டியைத் திறக்கணும்னா ரெண்டு பிரிவோட ஒப்புதலும் வேணும்."

"வாங்கிடலாம் சார். விண்ணப்பம் குடுங்க, நான் எழுதறேன்."

"விண்ணப்பம் இணைய வழியா மட்டும்தாம்மா. அதுவும் அலுவலகக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போகணும்." அவர் மூலையைக் காட்டினார். திரையில் கட்டம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை தலைமையகம் ஓர் ஊக்கப் பயிற்சியாளரை அனுப்பி வைத்தது. அவர் வண்ணக் காகிதத் துண்டுகளோடு வந்தார். பூட்டைத் திறப்பதற்கு முன்னால் பூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். "கண்ணை மூடுங்க. நீங்கதான் அந்தக் கடவுச்சொல். உங்களை எல்லாரும் மறந்துட்டாங்க. இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு? எழுதுங்க."

மேலாளர் மஞ்சள் துண்டில் 'தனிமை' என்று எழுதி மூக்கை உறிஞ்சினார். அந்த மாதக் கடைசியில் அவருக்கும் ஓய்வு. சுற்றறிக்கை சார் 'விதிப்படி' என்று எழுதினார். எழுத்தர் தன் துண்டில் 'பேட்டரியைக் கழட்டுங்கள்' என்று எழுதினாள். பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, இந்த அம்மாவிடம் இன்னும் எதிர்ப்பு உணர்வு இருக்கிறது என்று பரிவோடு சொன்னார். வியாழக்கிழமை அவளுக்கு மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எழுத்தர் துணிப் பெட்டியைக் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் அலுவலகத்துக்கு வந்தாள். வழியெல்லாம் யோசித்தாள். விதி தெரிந்தவரை விதியாலேயே மடக்கினால்தான் உண்டு. ஒன்பதரை மணிக்குச் சுற்றறிக்கை சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், தூய்மைச் சுற்றறிக்கை ஒண்ணு வந்ததே, அதுல கருவிகளைத் தூசி தட்டறதைப் பத்தி என்ன இருக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி யாரும் அவரிடம் ஆசையாகக் கேட்டதில்லை. "மாதத்துக்கு ஒரு தடவை, அந்தந்தக் கருவியைப் பயன்படுத்தறவங்க, உள்ளும் புறமும் தூசி தட்டணும். பத்தி நாலு."

"உள்ளும்னு இருக்கா சார்?"

"உள்ளும் புறமும்."

"அனுமதி வேணுமா?"

"கடமைக்கு எதுக்கும்மா அனுமதி? தட்டலைன்னாத்தான் விளக்கம் கேட்போம்."

அவ்வளவுதான். வயரைப் பிடுங்கினாள், துணியைக் கையில் எடுத்தாள், பக்கத் தகட்டைக் கழற்றினாள். பதினொரு வருஷத் தூசி எழும்பி அலுவலகமே தும்மியது. பட்டன் பேட்டரி பளபளவென்று இருந்தது. நகத்தால் நெம்பினாள். அது துள்ளி விழுந்து, உருண்டு, இரும்பு அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அலமாரியை நகர்த்தத் தளவாடப் பிரிவைக் கேட்க வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் சும்மா உட்கார்ந்து நடந்த முதல் வேலை அதுதான்.

சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரை வந்தது. கட்டம் வரவில்லை. எல்லாம் மறந்துவிட்டது, தொடர வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்து என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டது. அழுத்தினாள். கம்ப்யூட்டர் திறந்தது.

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓடிப்போய் உத்தரவை அச்சிட்டாள். காகிதம் சூடாக வெளியே வந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். மேலே, அச்சிடும்போது கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற தேதி: 1 ஜனவரி 2003.

"ஐயையோ, பேட்டரி போனதுல கடிகாரமும் மறந்துடுச்சு. ஒரு நிமிஷம், தேதியைச் சரி பண்ணிடறேன்" என்று கையை நீட்டினாள்.

"நிறுத்தும்மா!" என்றார் சுற்றறிக்கை சார். "அரசுக் கம்ப்யூட்டர் காட்டறதுதான் அரசுத் தேதி. அதைக் கையால திருத்தினா ஆவணத் திருத்தம். குற்றம்."

"சார், இது இருபத்திரண்டு வருஷம் பின்னாடி இருக்கு!"

"யார் சொன்னா?"

"காலண்டர் சொல்லுது சார்."

"காலண்டர் தனியார் அச்சகத்துல அடிச்சது."

மேலாளர் மெதுவாக எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "அப்படின்னா... இன்னிக்கு எனக்கு முப்பத்தெட்டு வயசா?"

"விதிப்படி ஆமாம் சார்."

"ஓய்வு?"

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு சார்."

மேலாளர் முதுகை நிமிர்த்தினார். மேஜை மேல் இருந்த புன்னகை வாரக் கண்ணாடியை எடுத்து, நெற்றிக்கு மேலே கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏம்மா, இது நாளைக்கு என்ன தேதி காட்டும்?" என்று குழைந்து கேட்டார்.

"அணைச்சு அணைச்சுப் போட்டா தினமும் இதே தேதிதான் சார் காட்டும். பேட்டரி இல்லையே."

"பசுமை நேரம் தினமும் உண்டு" என்றார் மேலாளர். "நான் இருக்கற வரைக்கும் அந்த அலமாரியை யாரும் நகர்த்தக் கூடாது."

சுற்றறிக்கை சார் அதற்குள் கோப்புகளைப் புரட்டிவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார். "சார், நிலுவையில நாலாயிரம் விண்ணப்பம் இருந்துச்சு. எல்லாமே இனிமேல்தான் வரணும். இந்த நிமிஷம் நம்ம நிலுவை பூஜ்யம். துறையிலேயே முதலிடம் சார்!" அதோடு ஜனவரி முதல் தேதி விடுமுறை நாள் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. விடுமுறையில் வேலை பார்த்ததற்கு எல்லாருக்கும் ஈடுசெய் விடுப்பு உண்டென்று குறித்துக்கொண்டார். ஊழியர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே உள்ளே வந்தார் ஒரு பல் மருத்துவர். மூன்று வருஷமாக வந்துகொண்டிருப்பவர். தெருமரத்தின் கிளை ஒன்று அவருடைய ஜன்னல் வழியாக நுழைந்து, நோயாளியின் நாற்காலிக்கு மேலே வந்து நிற்கிறது. வாயைத் திறந்தால் இலை விழுகிறது.

"உங்க மரம் நட்டது எப்போ?" என்று கேட்டார் சுற்றறிக்கை சார்.

"பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப இன்னும் நடவே இல்லை. இல்லாத மரத்தோட கிளையை வெட்ட நாங்க எப்படி அனுமதி குடுக்கறது?"

பல் மருத்துவர் வாயைத் திறந்தார். அவர் தொழிலில் அடுத்தவர் வாய்தான் திறந்திருக்கும். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"இல்லாத மரத்தை வெட்டினா குற்றமா சார்?"

சுற்றறிக்கை சார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அப்படி ஒரு விதி இல்லை."

"ரொம்ப நன்றி!" என்று மருத்துவர் அரிவாள் வாங்க ஓடினார். அவர் அவ்வளவு வேகமாகப் படி இறங்கி யாரும் பார்த்ததில்லை.

எழுத்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று தாண்டிவிட்டது. மேலாளரிடம் போனாள்.

"சார், என்னை விடுவிச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

மேலாளர் திரையைப் பார்த்தார். "இன்னிக்குப் புதன்கிழமைம்மா. ரெண்டு நாள் இருக்கு. நாளைக்குப் பார்த்தாலும் புதன்கிழமையாத்தான் இருக்கும். என்ன அவசரம்? இந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீ. உன்னைப் போக விட்டுட்டு நாங்க என்ன பண்றது?"

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, பல் மருத்துவர் போன வாசலை ஒரு தடவை பார்த்தாள்.

"சார், ரெண்டாயிரத்து மூணு ஜனவரியில எனக்கு என்ன வயசு தெரியுமா? எட்டு. மூணாங்கிளாஸ் படிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதனால?"

"எட்டு வயசுப் பிள்ளையை வேலைக்கு வச்சிருக்கீங்க சார். அதுவும் அரசு அலுவலகத்துல. அதுவும் விடுமுறை நாள்ல."

சுற்றறிக்கை சார் தொண்டையைச் செரும முயன்றார், செருமல் வரவில்லை. குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை அவரிடம் ஒன்றல்ல, ஒன்பது இருந்தது. ஒவ்வொன்றிலும் தண்டனையை அடிக்கோடு போட்டு வைத்திருந்தவரும் அவர்தான்.

"பேனா! பேனா எங்கய்யா!" என்று மேலாளர் அலறினார். விடுவிப்பு ஆணை இரண்டு நிமிஷத்தில் அச்சாகிக் கையெழுத்தாகி முத்திரையும் விழுந்தது. "போம்மா, ஓடு. ரோட்டைப் பார்த்துக் கடந்து போ" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அவள் பதினொன்றரை மணிக்கு பஸ் ஏறினாள். வண்டி நாலு மணிக்கே போய்ச் சேர்ந்தது. எங்கேயும் நிற்கவில்லை, எதுவும் பழுதாகவில்லை. ஓட்டுநர் தங்கமான மனுஷன். கணவரும் மகளும் நிலையத்திலேயே காத்திருந்தார்கள். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நிஜமாவே வந்துட்டியா?" என்று கிள்ளிப் பார்த்தாள். மூன்று பேருமாக அந்த ஊர்க் கிளை அலுவலகத்துக்குப் போனார்கள். கணவரும் மகளும் வெளியே நின்றுகொள்ள, அவள் உள்ளே போனாள். மணி நாலே முக்கால்.

அங்கே இருந்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் படித்தார். அங்கே கம்ப்யூட்டரில் பேட்டரி இருந்தது, தேதியும் சரியாக இருந்தது.

"இந்தத் தேதி போட்ட வாரத்து வெள்ளின்னா, மூணாம் தேதி ஜனவரி ரெண்டாயிரத்து மூணு, வெள்ளிக்கிழமை, மாலை அஞ்சு மணிக்குள்ள" என்று அவர் உரக்கக் கணக்குப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கிழமை சரியா இருக்கு. மணியும் சரியா இருக்கு. வருஷம்தான் இடிக்குது. இருபத்திரண்டு வருஷம் தாமதமா வந்திருக்கீங்களேம்மா."

"சார், அது வந்து, எங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்..."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தாமத விளக்கப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பார்த்து முடிவு பண்றேன்." தடித்த ஒரு பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பேனாவைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? பசுமை நேரத்திலிருந்தா, அரைபட்ட உறையிலிருந்தா, கத்தரிக்காய்த் தோட்டத்திலிருந்தா? உண்மையை எழுதினால் விசாரணை. விசாரணை என்றால் இரண்டு வருஷம். ஜன்னலுக்கு வெளியே மகள் அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்து அம்மாவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். பக்கத்தின் முதல் வரியில், என்றைக்கோ யாரோ, 'பஸ் தாமதம்' என்று எழுதியிருந்தார். இரண்டாவது வரியில் 'மேற்படி'. மூன்றாவதில் 'மேற்படி'. பக்கம் முழுவதும் மேற்படி. முந்தின பக்கமும் அப்படியே, அதற்கு முந்தினதும் அப்படியே. அன்று காலை பதினொன்றே காலுக்கு இந்த அதிகாரியே போட்டிருந்ததும் மேற்படிதான்.

அவளும் எழுதினாள். 'மேற்படி.'

அதிகாரி பதிவேட்டைத் திருப்பிப் படித்தார். நேரம் எடுத்துக்கொண்டு படித்தார். தலையை ஆட்டினார், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார்.

"இந்த ரூட்ல அப்படித்தான் ஆகும்" என்றார். "அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்கம்மா."